கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

கண்டமங்கலம் ஒன்றியத்தில், விழுப்புரம்–புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கிராமம். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. இன்று ஒன்று வரும், நாளை இன்னொன்று வரும். கையில் அச்சடித்த கேள்வித்தாள், தோளில் பை, வாயில் இனிய சொல். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இருக்கும் வீடுகளைத் தேடி வந்திருந்தார்கள்.

ஒரு விவசாயத் தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். முப்பது வயதை எட்டிய மகன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேள்விகள் எல்லாம் தாயிடம் போயின. பிள்ளை எத்தனை மாதத்தில் நடந்தான்? எப்போது பேசினான்? சொந்தத்தில் கல்யாணமா? பிரசவம் எங்கே நடந்தது? வலிப்பு உண்டா? எண்ணத் தெரியுமா? "தெரியாதுங்க" என்றார் தாய். அதற்கான கட்டத்தில் பேனா ஒரு குறி போட்டது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

அப்போது அந்த இளைஞர் கேட்டார்: "என்னாண்ட ஒண்ணும் கேக்கலியே?"

வந்தவர்கள் சிரித்தார்கள். தோளில் தட்டிக் கொடுத்தார்கள். போய்விட்டார்கள்.

மறுநாள் மாலை, சங்க வேலையாக அந்தப் பக்கம் போன நாம் அவரிடம் கேட்டோம். பதில் மெதுவாகத்தான் வந்தது, காத்திருந்தோம். அவர் கரும்புக் கொல்லையில் சோகை உரிக்கிறார், வெட்டிய கரும்பைக் கட்டுக் கட்டாகச் சுமந்து லாரியில் ஏற்றுகிறார். மற்றவர்களுக்கு முழுக் கூலி, அவருக்குப் பாதி. ஏன் என்று கேட்டால் மேஸ்திரி, "உனக்குக் கணக்குத் தெரியுமா?" என்கிறாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் மடியை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே கூழாங்கற்கள். ஒரு கட்டு ஏற்றினால் ஒரு கல். அன்று அவர் சுமந்த கட்டுகள் அத்தனைக்கும் கணக்கு அந்த மடியில் இருந்தது.

எண்ணத் தெரியாதவர் என்று கேள்வித்தாள் எழுதிக்கொண்டு போன மனிதர் இவர்தான்!

யாருடைய கேள்வி?

நாம் ஆராய்ச்சிக்கு விரோதிகள் அல்ல. தாயின் உணவில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்று கண்டுபிடித்தது விஞ்ஞானம். உப்பில் அயோடின் சேர்த்து அதைத் தடுக்கலாம் என்று காட்டியதும் விஞ்ஞானம். அப்படிப்பட்ட ஆராய்ச்சி இன்னும் பல மடங்கு வளர வேண்டும், ஏழையின் வீடு வரைக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நாம்.

நாம் கேட்பது இதுதான்: எதைக் கேட்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவர் யார்? அந்தத் தாளில் வலிப்புக்குக் கட்டம் இருந்தது. சொந்தத்தில் கல்யாணத்துக்குக் கட்டம் இருந்தது. கூலிக்குக் கட்டம் இல்லை. எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பாதிக் கூலி வாங்கி வீடு திரும்பியவர் ஒருவர்கூட அவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த இளைஞரும் இவரைப் போன்ற நாலு பேரும் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே கூலியைப் பற்றி இருந்திருக்கும்.

தொழிலாளி வர்க்கத்துக்கு இது பழைய பாடம். 1880-ம் ஆண்டில் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக மார்க்ஸ் ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட விசாரணைத்தாள் ஒன்றைத் தயாரித்தார். வேலை நேரம், கூலி, யந்திரத்தால் நேரும் விபத்து, வேலை நிறுத்தம் என்று ஒன்று விடாமல் கேட்டார். பதில்களைத் தொழிலாளிகளே எழுதி அனுப்ப வேண்டும் என்றார். அவர்கள் படும் பாட்டை முழுமையாக அறிந்தவர்கள் அவர்களே, வேறு எந்த ரட்சகனும் அல்ல என்பது அவருடைய வாதம். ஆலைத் தொழிலாளிக்குச் சரியென்றால், கரும்புக் கொல்லையில் சோகை உரிக்கும் இந்தத் தொழிலாளிக்கு மட்டும் அது எப்படித் தவறாகும்?

நம் விழுப்புரம் மாவட்டம் ஆராய்ச்சிக்காரர்களை நூறாண்டுக்கு மேலாக அறியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் கிராமங்களை ஆராய்வதற்குத் தம் மாணவர்களை அனுப்பினார். அவற்றில் ஒன்று இன்று இந்த மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. அதே ஊருக்கு 1930-களிலும் 1960-களிலும் 1980-களிலும் 2008-லும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். நிலம் யார் கையில் இருந்தது, கூலி எப்படி மாறியது என்பதற்கு அந்த ஆய்வுகள் மதிப்புள்ள சாட்சியங்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீடு வீடாக நடக்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் வழக்கம் ஒன்றுதான்: குடும்பத் தலைவரைக் கேட்பது. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் வாய்மொழி ஏட்டில் ஏறுவது அபூர்வம்.

2011 ஜனத்தொகைக் கணக்கு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற பத்தியில் எழுதப்பட்டார்கள். வீட்டுக்காரர் சொன்னால் எழுதப்பட்டார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மறைந்து போனார்கள். அந்த 15 லட்சத்தில் எத்தனை பேரிடம் "உன்னைப் பற்றி நீயே சொல்" என்று கேட்டிருப்பார்கள்?

சர்க்கரையும் கஞ்சியும்

கேட்காமல் விட்டதால் என்ன குடி முழுகிவிட்டது என்று சிலர் கேட்கலாம். கரும்பு விளையும் பூமியில் வாழும் நமக்கு ஒரு சர்க்கரைக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரில் வீப்பெஹோல்ம் என்ற ஆஸ்பத்திரி இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அடைத்து வைத்த இடம். சர்க்கரை பல்லைக் கெடுக்கிறதா என்று கண்டுபிடிக்க 1940-களின் பின்பாதியில் அங்கே ஒரு பரிசோதனை நடந்தது. அதில் நானூறு பேருக்கு மேல் உட்படுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி விசேஷமாகச் செய்த மிட்டாயை நாள்தோறும் கொடுத்தார்கள். சர்க்கரைக் கம்பெனிகளும் மிட்டாய்க் கம்பெனிகளும் பண உதவி செய்தன. எத்தனையோ பேரின் பற்கள் சொத்தையாகி அழிந்தன. முடிவு கிடைத்தது: அடிக்கடி இனிப்புத் தின்றால் பல் கெடும். உலகம் முழுவதும் பல் வைத்தியர்கள் அந்த உண்மையால் பயனடைந்தார்கள். பல்லைக் கொடுத்தவர்களிடம் சம்மதம் கேட்டவர் யார்? எவருமில்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபெர்னால்டு பள்ளி. 1940-களின் பின்பாதியிலிருந்து 1950-களின் தொடக்கம் வரை அங்கிருந்த சிறுவர்களைச் சேர்த்து 'சயின்ஸ் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போனார்கள், பரிசு கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சியில் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது! ஆராய்ந்தவர்கள் புகழ்பெற்ற எம்.ஐ.டி. நிறுவனத்தின் விஞ்ஞானிகள். ஆதரவு தந்தது குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி. பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. விஷயம் அம்பலமானது 1990-களில். 1998-ல் 18.5 லட்சம் டாலர் நஷ்டஈட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சிறுவர்கள் அதற்குள் கிழவர்களாகி இருந்தார்கள்.

நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளியில் 1956 முதல் பல ஆண்டுகள், குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைச் செலுத்தி ஆராய்ச்சி நடந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள் என்று சமாதானம் சொன்னார்கள். எப்படிப் போட்டார்கள்? ஒரு கட்டத்தில் பள்ளியில் இடமில்லை என்று கதவை மூடிவிட்டு, ஆராய்ச்சி வார்டில் மட்டும் இடம் உண்டு என்றார்கள். கதி இல்லாத தாய் தகப்பன் கையெழுத்துப் போட்டார்கள். இதற்குச் சம்மதம் என்று பெயர்!

இதெல்லாம் ஹிட்லர் ஆட்சியில் நடந்ததல்ல. ஜனநாயகம் என்று மார்தட்டிய நாடுகளில், வெள்ளைக் கோட்டுப் போட்ட கண்ணியவான்கள் செய்தது. குழந்தைகளை வெறுத்துச் செய்தார்கள் என்றுகூட நாம் சொல்லவில்லை. "இவர்களுக்கு என்ன தெரியும்?" என்ற ஒரே எண்ணம் போதுமானதாக இருந்தது.

நம் நாடு என்ன வாழ்ந்தது? 1994 பிப்ரவரியில் புனே நகரின் சசூன் அரசு ஆஸ்பத்திரியில், ஷிரூர் அரசு விடுதியிலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பையை எடுத்தார்கள். சுத்தம் பேண முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். மாதர் அமைப்புகள் கொதித்தெழுந்து போராடிய பிறகுதான் அது நின்றது.

நம் வாசலுக்கே வருவோம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்துவந்த விடுதி ஒன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். மனநோய் உள்ளவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஆதரவற்றவர்களும் அங்கே இருந்தார்கள். அடித்தார்கள், கட்டிப் போட்டார்கள், பெண்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்று குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்குப் போனது. விஷயம் எப்படி வெளியே வந்தது? அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உறவினர் தரப்பு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டதால் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வாய் இல்லையா? இருந்தது. அவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் இல்லை.

நாலு பேர் எழுதிய புத்தகம்

"சரி, வேறு வழி உண்டா? அவர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறோம்.

லண்டனுக்குத் தெற்கே கேட்டர்ஹாமில் செயின்ட் லாரன்ஸ் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. 'புத்தி குறைந்தவர்கள்' என்று முத்திரை குத்தி ஆயிரக்கணக்கானவர்களை அடைத்த இடம். ஜோயி டீக்கன் என்பவர் 1928-ல், எட்டு வயதில், அங்கே சேர்க்கப்பட்டார். மூளை முடக்குவாதம் காரணமாக அவர் பேச்சு மற்றவர்களுக்குப் புரியாது. பேச்சு புரியாததால் புத்தியும் இல்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். ஆனால் அங்கேயே இருந்த எர்னி ராபர்ட்ஸுக்கு அவர் பேச்சு புரிந்தது. ஜோயி சொல்லச் சொல்ல, எர்னி திருப்பிச் சொன்னார். மைக்கேல் சாங்ஸ்டர் கையால் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத டாம் பிளாக்பர்ன், எழுத்துகளின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்தார். நாலு பேரும் அந்த ஆஸ்பத்திரியின் கைதிகள் போன்றவர்களே. அவர்கள் உழைப்பு 1974-ல் புத்தகமாக வெளிவந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குள் வாழ்வது என்றால் என்ன என்பதை எந்த டாக்டரின் குறிப்பேடும் சொல்லாத விதத்தில் அது உலகத்துக்குச் சொன்னது.

அதே ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் இருந்தவர் மேபல் கூப்பர் என்ற பெண். வெளியே வந்த பிறகு, திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாரதி அட்கின்சனோடு சேர்ந்து தம் வாழ்க்கை வரலாற்றைத் தயாரித்தார். தம்மைப் பற்றிய பழைய பதிவேடுகள் தேடி எடுக்கப்பட்டபோது, அதிகாரிகள் எழுதி வைத்ததற்கும் தாம் அனுபவித்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். அது 1997-ல் வெளிவந்த ஒரு சரித்திர நூலில் இடம் பெற்றது. 2010-ல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. படிக்க லாயக்கில்லை என்று அடைத்து வைக்கப்பட்ட பெண்ணுக்கு!

பிரிட்டனில் இந்தக் குறைபாட்டைக் 'கற்றல் குறைபாடு' என்கிறார்கள்; நம் சட்டம் அதை 'அறிவுசார் குறைபாடு' என்கிறது. இந்தக் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக்கு, ஜான் வாம்ஸ்லி என்ற பெண் ஆராய்ச்சியாளர் 2001-ல் 'உள்ளடக்கிய ஆராய்ச்சி' என்று பெயர் கொடுத்தார். இன்று பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் இப்படி நடத்துகின்றன.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. எதை ஆராய்வது என்று கூடி முடிவு செய்கிறார்கள். கேள்விகளைச் சின்னச் சின்ன வாக்கியங்களில், தேவையான இடத்தில் படத்தோடு எழுதுகிறார்கள். கேட்கப் போகிறவர்களில் ஒருவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர். தன்னைப் போன்ற ஒருவர் கேட்கும்போது, ஆபீசர் முன்னால் வாயைத் திறக்காதவரும் பேசுகிறார். கிடைத்த பதில்களைச் சத்தமாகப் படித்துக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று எல்லோரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். முடிவை எல்லோருக்கும் புரியும்படி எழுதுகிறார்கள். பெயர் போடும்போது எல்லோர் பெயரும் போடுகிறார்கள். வேலைக்குக் கூலி கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்! நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்கட்டும். அவசர அவசரமாகப் பொய்யை எழுதுவதைவிட மெதுவாக உண்மையை எழுதுவது மேல்.

மேதாவிகளின் ஆட்சேபணைகள்

"அவர்களுக்குப் புரியாது" என்கிறார்கள். உங்கள் பாஷை யாருக்குத்தான் புரிகிறது? படித்த வக்கீலுக்கே புரியாத சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறவர்கள், புரியும்படி எழுதக் கற்றுக்கொள்ளட்டும்.

"பெற்றோர் பேசினால் போதாதா?" என்கிறார்கள். பெற்றோரின் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தான் போன பிறகு பிள்ளைக்கு யார் என்ற கவலையில் தூங்காத தாய்மார்களை இந்த ஒன்றியத்தில் ஊர் ஊராகப் பார்க்கிறோம். அவர்களும் பேசட்டும், அவர்கள் பாட்டைத் தனியாக எழுதட்டும். ஆனால் நாம் பார்த்தோமே, பெற்ற தாய்க்குக்கூட மகன் மடியில் இருந்த கற்கள் தெரியவில்லை. சண்டிகரில் அரசு விடுதியிலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண் ஒருவரின் கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரோ குழந்தையைப் பெற விரும்பினார். அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று 2009-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாடு இருப்பதாலேயே ஒருவரின் 'வேண்டும், வேண்டாம்' செல்லாக் காசாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

"பேச்சே வராதவர்கள் இருக்கிறார்களே?" என்கிறார்கள். இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் ஜோயியின் கதையைச் சொன்னோம். ஜோயிக்கு எர்னி கிடைத்தார். முகக்குறி, கை அசைவு, முரண்டு பிடித்தல், சிரிப்பு எல்லாம் பாஷைதான். அதை அறிந்த எர்னிகளைத் தேடிப் பிடிப்பது ஆராய்ச்சிக்காரன் வேலை.

"உதவிக்கு உட்காருகிறவர் தன் கருத்தை அவர்கள் வாயில் திணித்துவிட்டால்?" இது நியாயமான பயம். இந்த அபாயம் உண்மையானது; இதை மூடி மறைக்க மாட்டோம். ஒரே ஒருவரை அலங்காரப் பொம்மையாக உட்கார வைத்தால் அப்படித்தான் நடக்கும். நாலைந்து பேராக உட்கார வையுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். 'இல்லை' என்று சொன்னால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். திணிப்பு நடக்கக்கூடும் என்று பயந்து அவர்களை வெளியே நிறுத்துவது, திருடன் வருவான் என்று வீட்டுக்காரனைத் துரத்திய கதையாகும்.

'அல்லது' என்ற சொல்

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான சாசனத்தை நிறைவேற்றியது. 2007-ல் இந்தியா அதை ஏற்றது. எங்களைப் பற்றிய எதையும் நாங்கள் இல்லாமல் முடிவு செய்யாதே என்பது மாற்றுத்திறனாளிகள் உலகெங்கும் எழுப்பிய கோஷம். நம் நாட்டிலும் தொடர்ந்து போராடிய பிறகு 2016-ல் புதிய சட்டம் வந்தது. 1995 சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இடமே இல்லை. 2016 சட்டம்தான் முதன்முதலாக இடம் கொடுத்தது. அது போராட்டத்தின் வெற்றி.

அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்த வேண்டுமானால், அவருக்குப் புரியும் வழியில் விளக்கி, அவருடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெற வேண்டும். அத்துடன் ஆராய்ச்சிக் கமிட்டி ஒன்றின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் கமிட்டியில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும்.

அடடா, என்ன அருமையான சட்டம் என்று கை தட்டப் போகிறீர்களா? பொறுங்கள். வாக்கியம் அத்தோடு முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளாக 'அல்லது' பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்று போகிறது. பதிவு பெற்ற அமைப்பு எது? அதே சட்டத்தின் 2-வது பிரிவு பதில் சொல்கிறது: மாற்றுத்திறனாளிகளின் சங்கமும் உண்டு, பெற்றோர் சங்கமும் உண்டு, அவர்கள் நலனுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனம், டிரஸ்ட், சொசைட்டி, லாபநோக்கற்ற கம்பெனி எல்லாமும் உண்டு!

ஆக, பாதி இடத்தில் டிரஸ்டிகளையும் தர்மகர்த்தாக்களையும் உட்கார வைத்துவிட்டு, சட்டப்படி நடந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரு மாற்றுத்திறனாளிகூட அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய சர்க்காரின் 2017 விதிகளும் இதைச் சரி செய்யவில்லை. ஐந்து வகைக் குறைபாடுகளுக்கும் அமைப்புகளிலிருந்து ஐந்து பிரதிநிதிகள் என்கிறது விதி; அந்த ஐவரும் குறைபாடு உள்ளவர்களாகவே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வலது கை கொடுத்ததை இடது கை பிடுங்கிக்கொண்டது. பிடுங்கும் கைக்குப் பெயர் 'அல்லது'.

விவசாயத் தொழிலாளரின் கூலிக் கமிட்டியில் "தொழிலாளிகள் அல்லது தொழிலாளர் நலனில் அக்கறையுள்ள மிராசுதாரர்கள்" என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா? இங்கே மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

நம் மீதும் குற்றம் உண்டு

பிறரைச் சாடும்போது நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சங்கங்களோடு தோளோடு தோள் நின்று எத்தனையோ மறியல்கள், தர்ணாக்கள் நடத்தியிருக்கிறோம். உதவித்தொகைக்காகவும் அடையாள அட்டைக்காகவும் தாலுகா ஆபீசை முற்றுகையிட்டிருக்கிறோம். ஆனால் மேடையில் யார் பேசினார்கள்? கை கால் ஊனமுற்ற தோழர் பேசினார், பார்வையற்ற தோழர் பேசினார். அறிவுசார் குறைபாடு உள்ளவர் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனுவை எழுதியவர்கள் நாம். அவர் கைநாட்டு வைத்தார். 'லூசு' என்றும் 'அரைக் கிறுக்கு' என்றும் எதிரியைத் திட்டுகிற பழக்கம் நம் கூட்டங்களிலும் ஒழிந்துவிடவில்லை. பாதிக் கூலி விஷயமும் ஊருக்குத் தெரியாத ரகசியமல்ல. பக்கத்து வரிசையில் கட்டுச் சுமந்த நம் சங்க உறுப்பினர்களே அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இந்தத் தவறை ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொள்வதோடு நிறுத்தினால் அதுவும் வெறும் வேஷம்.

நாம் கேட்பது

உலக வங்கிக் கடனோடு, 1,700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில், 'தமிழ்நாடு உரிமைகள் திட்டம்' 2022-ல் ஏற்பாடாயிற்று. மாற்றுத்திறனாளிகளை வீடு வீடாகக் கணக்கெடுப்பதும் அதன் பணிகளில் ஒன்று. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்துவதாக மத்திய சர்க்கார் 2025-ல் அறிவித்தது. கடன் உலக வங்கியுடையது, பேனா சர்க்காருடையது. கேள்வி யாருடையது? இந்தக் கணக்கெடுப்புகளை முன்வைத்து நாம் கேட்கிறோம்:

1. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய எந்தக் கணக்கெடுப்பிலும், ஆராய்ச்சியிலும், கேள்வித்தாள் தயாரிக்கும் இடத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும். அதற்குக் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும்.

2. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். குடும்பத்தார் சொன்ன பதிலைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது.

3. சட்டத்திலும் விதியிலும் உள்ள 'அல்லது' நீக்கப்பட வேண்டும். சட்டம் திருந்தும் வரை தமிழ்நாடு சர்க்கார் தான் அமைக்கும் கமிட்டியில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளையே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்து, நியமிக்க வேண்டும். இதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

4. ஆராய்ச்சியின் முடிவை எளிய தமிழில் எழுதி, அது எடுக்கப்பட்ட கிராமத்தின் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். தகவலை அள்ளிக்கொண்டு ஓடும் வழக்கம் முடிய வேண்டும்.

5. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஊராட்சி ஒன்றியத்திலும் மாவட்ட ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். இந்த இடங்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அவர்களுக்கு உதவியாளர் கொடுக்க வேண்டும். கண்டமங்கலம் ஒன்றியம் இதில் முன்மாதிரியாக நிற்கட்டும்.

6. ஒரே வேலைக்கு ஒரே கூலி. குறைபாட்டைக் காட்டிக் கூலியைப் பாதியாக்கும் அக்கிரமம் உடனே நிற்க வேண்டும்.

ஆறாவது கோரிக்கைக்கு எந்தக் கமிட்டிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கரும்பு வெட்டுக்கு முன்பே சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் விசாரணை நடத்தட்டும். யார் யாருக்குப் பாதிக் கூலி கொடுக்கப்படுகிறது? எத்தனை காலமாக? எந்த மேஸ்திரி, எந்தக் கொல்லை? இந்த விசாரணைக்குக் கேள்விகளைத் தயாரிக்கும் கூட்டம் கண்டமங்கலத்தில் நடக்கும். அந்த இளைஞரைக் கூப்பிட்டிருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் போன்றவர்களை அழைத்து வாருங்கள். அவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் பேசும்வரை பொறுத்திருங்கள்.

"என்னாண்ட ஒண்ணும் கேக்கலியே?" என்று அவர் கேட்டார். ஆராய்ச்சிக்காரர்களிடம் கேட்டாலும் அந்தக் கேள்வி நமக்கும் உரியது. முதல் கேள்வியை அவரே சொல்லட்டும். நாம் எழுதிக்கொள்வோம். கணக்குக் கேட்பவர்களுக்கு அவர் மடியிலுள்ள கற்களைக் காட்டுவோம்.